ஆறாத கால் புண்: ஆக்சிஜன் சேம்பருக்குப் பணம் கட்டும் முன்

அம்மாவின் இடது காலில், கணுக்காலுக்குச் சற்று மேலே உள்பக்கமாக, ஒரு புண் 14 மாதம் ஆறாமல் இருந்தது. ஆரம்பத்தில் ஒரு கொசுக்கடி அளவுதான். சொறிந்தார், தோல் உரிந்தது, நீர் வடிந்தது, அப்புறம் அது மூடவே இல்லை. அந்த 14 மாதத்தில் நாங்கள் தடவாத களிம்பு இல்லை. நான்கு தடவை ஆன்டிபயாட்டிக். கடைசியில் ஒரு சிகிச்சை மையத்தில் 40 சிட்டிங் ஆக்சிஜன் என்று மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு அம்மாவைச் சேம்பருக்குள் (காற்றழுத்தத்தைக் கூட்டி ஆக்சிஜனைச் சுவாசிக்க வைக்கும் மூடிய குழாய்) படுக்க வைத்தார்கள். 12 சிட்டிங் முடிந்த பிறகு காது வலி என்று நிறுத்தி, வேறு ஒரு டாக்டரிடம் போனபோது, அங்கே கட்டுப் பிரித்த நர்ஸ் கேட்ட முதல் கேள்வி: "ஏபிபிஐ எடுத்தாச்சாம்மா?"

எடுக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அரை மணி நேரத்தில் முடிகிற, ஊசிகூடப் போடாத, காலுக்கு ரத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்கும் அந்தச் சோதனையை முதல் மாதமே செய்திருந்தால் மீதி 13 மாதமும் மிச்சமாகியிருக்கும்.

ஆக்சிஜன் சிகிச்சை பொய் என்று சொல்ல வரவில்லை. சில புண்களுக்கு அது உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் அது வரிசையில் கடைசிப் பக்கம் இருக்க வேண்டியது, நாங்கள் காரணத்தையே கண்டுபிடிக்காமல் அதைச் செய்தோம். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தாமதமாகக் கற்றுக்கொண்ட ஆள்.

1. இது எந்த வகைப் புண் என்று முதலில் கண்டுபிடியுங்கள்

கால் புண் எல்லாம் முதல் பார்வைக்கு ஒன்று போலத் தோன்றலாம். காரணம் வேறு வேறு. காரணம் தெரியாமல் மேலே எதை வைத்துக் கட்டினாலும் வீண்.

மிக அதிகமாக வருவது சிரைப் புண். "நரம்பு சுருண்டிருக்கிறது" என்று சொல்வோமே, அந்த வேரிகோஸ் பிரச்சினையின் தொடர்ச்சி. சிரைகளின் வால்வு பழுதாகி ரத்தம் மேலே ஏறாமல் காலிலேயே தேங்குகிறது, அந்த அழுத்தத்தில் தோல் கெட்டுப்போகிறது. பெரும்பாலும் கணுக்காலின் உள்பக்கத்துக்கு மேலே வரும். சுற்றிலும் தோல் பழுப்பாகக் கறுத்து, கட்டை போல இறுகி, அரிக்கும். நீர் நிறைய வடியும். சாயங்காலம் கால் வீங்கும், காலைத் தூக்கி வைத்தால் சுகமாக இருக்கும்.

தமனிப் புண் இதற்கு நேர் எதிர். ரத்தம் கீழே வந்து சேரவே இல்லை. விரல் நுனி, குதிகால், பாதத்தின் ஓரம் போன்ற இடங்களில், ஆணி அடித்துத் துளைத்த மாதிரி ஓரம் செங்குத்தாக இருக்கும். பாதம் சில்லென்று இருக்கும், கால் முடி உதிர்ந்திருக்கும். ராத்திரி வலி தாங்காமல் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டுத் தூங்குகிறார் என்றால் உடனே சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது, சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண். உள்ளங்காலில், எடை அழுந்தும் இடத்தில் வரும். உணர்ச்சி மரத்திருப்பதால் வலிக்காது, அதனாலேயே ஆபத்து. இதற்குக் கட்டைவிட முக்கியம் அந்த இடத்தில் பாரம் விழாமல் பார்ப்பது: பிரத்யேகக் காலணி, அல்லது மாவுக்கட்டு போலக் காலை முழுக்க மூடும் வார்ப்பு. புண்மேல் நடந்துகொண்டே இருந்தால் எந்த ஆக்சிஜனும் எதுவும் செய்ய முடியாது.

இரண்டு காரணம் சேர்ந்தும் இருக்கலாம். வயதானவர்களுக்குச் சிரையும் தமனியும் சேர்ந்தே கெட்டிருப்பது அபூர்வம் இல்லை. அதனால்தான் கண்ணால் பார்த்து முடிவு பண்ணக்கூடாது என்கிறேன்.

காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலைமைகளும் உண்டு. பாதம் திடீரென்று வெளுத்துச் சில்லிட்டுப் போவது, விரல் கறுப்பது, சிவப்பு மேலே பரவிக்கொண்டே போவது, காய்ச்சல், நாற்றம் திடீரென்று கூடுவது. இதில் எது வந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டுக் கிளம்புங்கள்.

2. மூன்று சோதனை, ஒரு நோட்டு

ஏபிபிஐ: கணுக்காலில் உள்ள ரத்த அழுத்தத்தைக் கையில் உள்ள அழுத்தத்தால் வகுத்துக் கிடைக்கும் எண். பத்து நிமிடம் படுக்க வைத்து, ரத்த ஓட்டத்தின் சத்தத்தைக் கேட்கும் சின்ன டாப்ளர் கருவியை வைத்து எடுப்பார்கள். 0.8 முதல் 1.3 வரை இருந்தால் தமனி ஓட்டம் பொதுவாகப் போதும், அழுத்தக் கட்டுப் போடலாம். 0.8க்குக் கீழே போனால் நிபுணர் பார்த்துக் குறைந்த அழுத்தத்தில்தான் போட வேண்டும். 0.5க்குக் கீழே என்றால் அழுத்தக் கட்டே கூடாது, ரத்தநாள அறுவை மருத்துவரை அவசரமாகப் பார்க்க வேண்டும். 1.3க்கு மேலே வந்தால் "ரொம்ப நல்லா இருக்கு" என்று சந்தோஷப்படாதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்குத் தமனிச் சுவர் சுண்ணாம்பு ஏறி இறுகிவிட்டால் எண் பொய்யாக ஏறும். அப்போது கால் விரலில் அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாவது, சிரைகளுக்கான டாப்ளர் ஸ்கேன். நின்றுகொண்டிருக்கும்போது எடுக்க வேண்டும், படுத்தே எடுத்து முடித்துவிட்டால் ரத்தம் பின்னோக்கி வழிவது சரியாகத் தெரியாது. மூன்றாவது, ரத்தப் பரிசோதனை: மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி, ரத்தசோகை, புரதம்.

நோட்டுதான் என்னுடைய தனி வற்புறுத்தல். வாரம் ஒரு நாள், புண் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, அதே வெளிச்சத்தில், அதே தூரத்தில் ஒரு போட்டோ. நீளம், அகலம், தேதி. அன்றைக்கு என்ன கட்டினோம், எவ்வளவு நீர், வலி பத்துக்கு எவ்வளவு. தினமும் பார்க்கிற நமக்கு மாற்றமே தெரியாது. "கொஞ்சம் நல்லா இருக்கிற மாதிரி இருக்கு" என்று 14 மாதமும் சொல்லிக்கொண்டிருந்தோம், பழைய போட்டோவை எடுத்துப் பார்த்தால் புண் ஒன்றரை மடங்கு ஆகியிருந்தது. பின்னால் காப்பீட்டுக்கும் இந்த நோட்டுதான் கைகொடுக்கும்.

புண்ணிலிருந்து பஞ்சில் துடைத்து எடுக்கும் கல்ச்சர் பரிசோதனையைச் சும்மா சும்மா செய்யச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். நாள்பட்ட புண்ணில் கிருமி எப்போதும் இருக்கும், ரிப்போர்ட்டில் ஏதாவது ஒரு பெயர் வந்தே தீரும். சூடு, பரவும் சிவப்பு, கூடும் வலி, காய்ச்சல் என்று நோய்த்தொற்றின் அறிகுறி இருந்தால்தான் அந்த ரிப்போர்ட்டுக்கு அர்த்தம். எங்கள் நான்கு ஆன்டிபயாட்டிக்கில் மூன்று இப்படி ரிப்போர்ட்டைப் பார்த்து எழுதியவை.

3. சிரைப் புண் என்றால் அழுத்தக் கட்டுதான் மருந்து

இதை நம்பவே எனக்கு நாளாயிற்று. புண்மேல் என்ன தடவுகிறோம் என்பதைவிட, காலைச் சுற்றி எவ்வளவு இறுக்கமாகக் கட்டுகிறோம் என்பதில்தான் சிரைப் புண் ஆறுகிறது. கணுக்காலில் சுமார் 40 மி.மீ. பாதரச அழுத்தம், மேலே போகப் போகக் குறைய வேண்டும். இரண்டு அடுக்கு, நான்கு அடுக்கு என்று செட்டாகவே கிடைக்கும்: முதலில் பஞ்சு அடுக்கு, அப்புறம் இழுவைக் கட்டு. விரல்கள் தொடங்கும் இடத்திலிருந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை போக வேண்டும். கணுக்காலில் ஆரம்பித்தால் பாதம் மட்டும் பலூன் மாதிரி வீங்கும். ஒரு தடவை நானே கட்டிப் பார்த்து அந்தப் பலூனைச் சாதித்திருக்கிறேன்.

முதல் சில வாரமாவது பயிற்சி பெற்ற நர்ஸ் கட்டட்டும். வீக்கம் வடியும் வரை வாரம் இரண்டு முறை, அப்புறம் வாரம் ஒரு முறை போதும். கட்டிய பிறகு விரல் நீலமாகவோ வெள்ளையாகவோ மாறினால், மரத்துப்போனால், வலி ஏறிக்கொண்டே போனால், யாரையும் கேட்காமல் பிரித்துவிடுங்கள். இதயம் பலவீனம் என்று மருந்து சாப்பிடுபவர்கள் கட்டும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

கூடவே இரண்டு வேலை. உட்காரும்போதும் படுக்கும்போதும் கால் இதய மட்டத்துக்கு மேலே இருக்கட்டும், ஸ்டூலில் வைத்தால் போதாது. குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கும் பயிற்சி, ஒரு நாளைக்குப் பல தடவை. கெண்டைக்கால் தசைதான் ரத்தத்தை மேலே தள்ளும் பம்ப்.

ஸ்கேனில் மேல்சிரை, அதாவது தோலுக்குச் சற்று அடியில் ஓடும் சிரை, பழுது என்று வந்தால், புண் ஆறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். லேசர் போன்ற முறைகளால் அந்தச் சிரையை முன்கூட்டியே அடைத்தவர்களுக்குப் புண் சீக்கிரம் ஆறுகிறது என்று 2018-ல் வந்த ஒரு பெரிய பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. கட்டோடு சேர்த்து உடனே அடைத்தவர்களில் பாதிப் பேருக்கு 56 நாளில் ஆறியது, தள்ளிப்போட்டவர்களில் 82 நாள் ஆனது.

4. டிரஸ்ஸிங்: விலை கூடியது நல்லது என்று இல்லை

முதலில் செய்யக்கூடாதவை. ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, டெட்டால் எதையும் புண்ணுக்குள் ஊற்றாதீர்கள். நுரை வந்தால் அழுக்கு போகிறது என்று நினைத்திருந்தேன், புதிதாக வரும் சதையும் சேர்ந்துதான் போகிறது. சலைன், அல்லது குடிக்கத் தகுந்த சுத்தமான தண்ணீர், வெதுவெதுப்பாக இருந்தால் போதும். காற்றாட விட்டுக் காய வைக்கவும் வேண்டாம். ஈரப்பதமான புண்தான் சீக்கிரம் மூடும், பொருக்குத் தட்டினால் புதுத்தோல் அதற்கு அடியில் வழி தேடிக்கொண்டு கிடக்கும்.

அப்புறம் அந்தச் சாதாரண காஸ் துணி. அம்மாவுக்குத் தினமும் காலையில் நடக்கும் சித்திரவதை அது. துணி காய்ந்து சதையோடு ஒட்டியிருக்கும். ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தால் அம்மா தலையணையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார், துணியோடு சிவப்பாக ஒரு படலம் உரிந்து வரும், பொட்டுப் பொட்டாக ரத்தம் துளிர்க்கும். அந்தச் சிவப்புப் படலம்தான் முந்தின நாள் முழுக்க உடம்பு உழைத்து உருவாக்கிய புதுச்சதை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒட்டாத வலை அல்லது சிலிகான் படலம் ஒன்றை அடியில் வைத்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. ஏற்கெனவே ஒட்டிவிட்டால் சலைனை ஊற்றிப் பத்து நிமிடம் ஊற விடுங்கள், தானாகக் கழன்று வரும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்குப் புண் எவ்வளவு நனைக்கிறது என்பதுதான் அளவுகோல். நிறைய வடிந்தால் ஆல்ஜினேட், அதாவது கடற்பாசியிலிருந்து எடுத்த நார். நீரை உறிஞ்சிக் கூழாகிவிடும். நடுத்தரமாக வடிந்தால் ஃபோம், கசிவைப் பொறுத்து ஒரு வாரம் வரைகூட விடலாம். லேசாக மட்டும் கசிந்தால் ஹைட்ரோகொலாய்டு, ஆனால் தொற்று உள்ள புண்ணை இதை வைத்து மூடக்கூடாது. காய்ந்து மஞ்சளாகச் செத்த சதை ஒட்டியிருந்தால் அதை இளக்க ஹைட்ரோஜெல். ஒன்று மட்டும்: தமனி அடைப்பினால் விரல் காய்ந்து கறுத்திருந்தால் அதை நனைத்து இளக்க முயலக்கூடாது, ரத்தநாள டாக்டர் பார்க்கும் வரை காய்ந்தபடியே இருக்கட்டும்.

வெள்ளி கலந்த டிரஸ்ஸிங்கைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எங்கள் பணத்தில் பெரிய பங்கு அதில்தான் போனது. தொற்று இருக்கும்போது இரண்டு வாரம் வைத்துப் பார்க்கலாம், பலன் இல்லையென்றால் நிறுத்த வேண்டும். தொற்று இல்லாத சிரைப் புண்ணில் மாதக்கணக்கில் வெள்ளி வைத்துக் கட்டுவதால் சீக்கிரம் ஆறுகிறது என்று காட்ட முடியவில்லை. உண்மையில் நல்ல அழுத்தக் கட்டு மேலே இருந்தால், அடியில் எந்த டிரஸ்ஸிங் என்பதில் பெரிய வித்தியாசம் வருவதில்லை. அயோடின் கலந்தவற்றைத் தைராய்டு பிரச்சினை உள்ளவர்கள் கேட்காமல் வைக்கக்கூடாது.

புண்ணைச் சுற்றியுள்ள தோலை மறந்துவிடாதீர்கள். வடியும் நீர் பட்டுப் பட்டு அது வெளுத்து ஊறிப்போய்ப் புண் அகலமாகும். துத்தநாகக் களிம்பையோ தடுப்புப் படலம் தரும் ஸ்பிரேயையோ ஓரத்தில் போடுங்கள். வாசனைக் க்ரீம், நியோமைசின் கலந்த களிம்பு, லானோலின் இதெல்லாம் இவர்கள் தோலுக்குச் சீக்கிரம் ஒவ்வாமை ஆகும், தள்ளி வையுங்கள்.

நான்கு வாரம் இப்படிச் சரியாகச் செய்து, நோட்டைப் பாருங்கள். சிரைப் புண் பரப்பளவில் ஏறத்தாழ 40 சதவீதம், சர்க்கரைப் பாதப் புண் பாதி சுருங்கியிருந்தால் சரியான பாதையில் போகிறீர்கள், அதையே தொடருங்கள். அசையவே இல்லை என்றால் காரணத்தை மறுபடி தேட வேண்டும். மூன்று மாதம் ஆகியும் மாறாத புண், அல்லது ஓரம் தடித்து மேலெழும் புண் என்றால் சின்னதாகச் சதை எடுத்துப் பயாப்ஸி பார்க்கச் சொல்லுங்கள். பழைய புண்ணில் அபூர்வமாகப் புற்றுநோய் ஒளிந்திருக்கும்.

5. ஆக்சிஜன் உங்களுக்குப் பொருந்துமா?

சேம்பருக்குள் நடப்பது இதுதான். சாதாரணமாக ரத்தச் சிவப்பணு ஏற்கெனவே கிட்டத்தட்ட முழு ஆக்சிஜனோடுதான் ஓடுகிறது, அதில் மேலும் ஏற்ற இடம் இல்லை. காற்றழுத்தத்தை இரண்டு, இரண்டரை மடங்காக்கி நூறு சதவீத ஆக்சிஜனைச் சுவாசிக்க வைத்தால், கூடுதல் ஆக்சிஜன் ரத்தத்தின் நீர்ப்பகுதியில் நேரடியாகக் கரைகிறது. ஓட்டம் மந்தமான சதைக்கும் அது எட்டுகிறது, புது ரத்த நுண்குழாய் முளைக்கத் தூண்டுகிறது.

அப்படியென்றால் யாருக்குப் பலன்? ஓரளவு நல்ல ஆதாரம் இருப்பது சர்க்கரை நோயாளிகளின் ஆழமான பாதப் புண்ணுக்கு: எலும்பு, தசைநார் வரை போனது, ஒரு மாதம் முறையாகப் பார்த்தும் அசையாதது. அதிலும் ஆறு வாரக் கணக்கில் நன்றாகத் தெரியும் வித்தியாசம் ஒரு வருடக் கணக்கில் அவ்வளவு தெளிவாக இல்லை. கதிர்வீச்சு சிகிச்சையால் கெட்ட திசுவுக்கும் பயன்படுத்துகிறார்கள். வெறும் சிரைப் புண்ணுக்கு ஆதாரம் மிகவும் மெலிது. 1994-ல் வந்த, வெறும் 16 பேரை வைத்துச் செய்த ஒரு சோதனையைத்தான் இன்னமும் அதிகம் எடுத்துக் காட்டுகிறார்கள். அதில் ஆறு வாரத்தில் புண் சுருங்கியது உண்மை, 16 பேர் என்பதும் உண்மை.

முழுக்க அடைத்துப்போன தமனியை ஆக்சிஜனால் திறக்க முடியாது. அங்கே முதலில் அடைப்பை நீக்க வேண்டும்.

கேட்டு வாங்க வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது: தோல்மேல் சென்சார் ஒட்டிப் புண் பக்கத்துத் திசுவில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று பார்ப்பது. சாதாரணக் காற்றில் 40 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இருந்தால் திசு ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கிறது. சேம்பருக்குள் இருக்கும்போது அது 200-ஐத் தாண்டினால் பலன் கிடைக்க வாய்ப்பு நல்லது. சேம்பருக்குள்ளும் அந்த எண் சரியாக ஏறவில்லையென்றால் 40 சிட்டிங் போட்டும் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. அம்மாவுக்கு இதையும் எடுக்கவில்லை.

பொறிகள் இரண்டு. ஒன்று, ஜிப் வைத்த பை போன்ற மென்சேம்பர். அழுத்தம் 1.3 மடங்குதான் ஏறும், பல நேரம் உள்ளே வெறும் காற்றுதான். புண் சிகிச்சைக்குப் பேசப்படும் 2 முதல் 2.5 மடங்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு, வீட்டில் மூக்குக் குழாயில் ஆக்சிஜன் வைத்தால் கால் புண் ஆறும் என்பது. ஆறாது.

யார் போகக்கூடாது: நுரையீரலுக்கு வெளியே காற்று தேங்கியிருந்து இன்னும் சரிசெய்யப்படாதவர்கள் கண்டிப்பாகக் கூடாது. ஆஸ்துமா, நுரையீரல் அடைப்பு நோய், வலிப்பு, காது அறுவை சிகிச்சை, இதய பலவீனம், உடம்பில் பேஸ்மேக்கர் போன்ற கருவி, எடுத்த புற்றுநோய் மருந்துகள் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ப்ளியோமைசின் என்ற புற்றுநோய் ஊசி எப்போதாவது போட்டிருந்தால் அதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும்.

6. பணமும் காகிதமும்

சேம்பர் சிகிச்சைக்குச் சிட்டிங் கணக்கில் காசு. பொதுவாக 20 முதல் 40 சிட்டிங், வாரம் ஐந்து நாள். ஆக, நான்கு முதல் எட்டு வாரம். ஒரு சிட்டிங் 90 முதல் 120 நிமிடம், உடை மாற்றுவது, சர்க்கரை பார்ப்பது, போய் வருவது எல்லாம் சேர்த்து அரை நாள் போய்விடும். கூட வருகிற ஆளின் வேலை நாளையும் வண்டிச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு அது சிகிச்சைக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு வந்தது.

மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். கட்டாதீர்கள். பத்துப் பத்து சிட்டிங்காகக் கட்டுங்கள், நடுவில் நிறுத்தினால் மீதி எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். எங்களுக்கு மீதி 28 சிட்டிங்குக்கு ஒரு காசு வரவில்லை. "பாலிசி" என்றார்கள். அது ரசீதின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் அச்சாகியிருந்தது.

காப்பீடு இருந்தால் முதல் சிட்டிங்குக்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும், பின்னால் கேட்டால் பெரும்பாலும் நிராகரிப்புதான். உதாரணமாக, அமெரிக்காவின் அரசு காப்பீடான மெடிகேர் சர்க்கரைப் பாதப் புண்ணுக்குக் கொடுக்க, புண்ணின் தீவிரத்தைச் சொல்லும் வாக்னர் அளவில் அது தரம் 3 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், 30 நாள் முறையான சிகிச்சை தோற்றிருக்க வேண்டும், அப்புறம் 30 நாளுக்கு ஒரு முறை முன்னேற்றத்தைக் காட்ட வேண்டும் என்கிறது. வேறு திட்டங்களின் விதி மாறும், ஆனால் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ இவைதான். அதனால் ஒரே கோப்பில் இவற்றை அடுக்கி வையுங்கள்:

- புண்ணின் வகையும் தரமும் எழுதிய டாக்டர் கடிதம்
- ஏபிபிஐ அல்லது விரல் அழுத்தம், சிரை ஸ்கேன், திசு ஆக்சிஜன் அளவு
- ஹெச்பிஏ1சி, எலும்புத் தொற்று சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே அல்லது எம்ஆர்ஐ
- குறைந்தது 30 நாள் அளவும் போட்டோவும் (நோட்டு!)
- இதுவரை செய்த சிகிச்சைகள், தேதியோடு

எல்லாவற்றுக்கும் இரண்டு நகல். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

7. சேம்பர் நாட்கள்

முதல் நாள் அம்மா ரொம்பப் பயந்தார். கண்ணாடிக் குழாய் மாதிரி ஒன்றில் படுக்க வைத்து, கதவு மூடி, உஸ்ஸென்று சத்தம் வரும், கொஞ்சம் சூடாகும். மூன்றாவது நிமிடம் காது அடைக்கும், மலை ஏறும்போது அடைப்பது போல. எச்சில் விழுங்குவது, கொட்டாவி விடுவது, மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதுவது இதெல்லாம் முந்தின நாளே வீட்டில் பழகிக்கொள்ளட்டும். வலித்தால் உடனே கையைக் காட்டச் சொல்லுங்கள், அழுத்தம் ஏற்றுவதை நிறுத்துவார்கள். அம்மா "அவங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார், அதனால்தான் காதுச் சவ்வு புண்ணானது. சளி பிடித்த நாளில் போகவே வேண்டாம்.

ஆக்சிஜன் நிறைந்த இடம், ஒரு தீப்பொறி போதும். நூறு சதவீதப் பருத்தி உடை மட்டும், பெரும்பாலும் அவர்களே கொடுப்பார்கள். தலைக்கு எண்ணெய், முகத்துக்கு க்ரீம், நெயில் பாலிஷ், சென்ட் எதுவும் கூடாது. போன், கைக்கடிகாரம், காது கேட்கும் கருவி எல்லாம் வெளியே. புண்மேல் வாசலின் போன்ற பெட்ரோலியம் கலந்த டிரஸ்ஸிங் இருந்தால் முன்பே மாற்ற வேண்டும், அதனால் என்ன டிரஸ்ஸிங் வைத்திருக்கிறோம் என்பதன் உறையையே எடுத்துப் போய்க் காட்டிவிடுங்கள். இதையெல்லாம் அந்த மையத்தில் சோதிக்கவில்லையென்றால் அந்த மையமே வேண்டாம்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு உள்ளே இருக்கும்போது சர்க்கரை இறங்கலாம். வெறும் வயிற்றில் போகக்கூடாது, உள்ளே போகும் முன்பும் வெளியே வந்த பிறகும் பார்க்க வேண்டும். பல சிட்டிங்குக்குப் பிறகு தூரப் பார்வை கொஞ்சம் மங்கலாம், சில வாரங்களில் இருந்து சில மாதங்களுக்குள் சரியாகிவிடும், அவசரப்பட்டுக் கண்ணாடி மாற்றிவிடாதீர்கள். புகைபிடிப்பவர் நிறுத்தாமல் சேம்பருக்குப் போவது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவது மாதிரி.

அழுத்தக் கட்டு, பாரம் தவிர்ப்பு, டிரஸ்ஸிங் எதுவும் இந்த வாரங்களில் நிற்கக்கூடாது. ஆக்சிஜன்தான் போகிறதே என்று நாங்கள் கட்டை விட்டுவிட்டோம்.

8. காலுக்கு மட்டும் ஆக்சிஜன்

சேம்பர் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேறு வகை உண்டு. பூட்ஸ் போலக் காலை மட்டும் மூடி அதற்குள் ஆக்சிஜன் செலுத்துவது ஒன்று. இன்னொன்று பேட்டரியில் ஓடும் சின்னக் கருவி, மெல்லிய குழாய் வழியாக டிரஸ்ஸிங்குக்கு அடியில் நாள் முழுக்க ஆக்சிஜனைக் கசியவிடும். காதுக்கும் நுரையீரலுக்கும் ஆபத்து இல்லை, வீட்டிலேயே செய்யலாம். ஆறாத சர்க்கரைப் பாதப் புண்ணுக்கு, மற்ற எல்லாம் சரியாகச் செய்தும் பலனில்லாதபோது, துணையாக யோசிக்கலாம் என்று 2023-ல் வெளியான சர்வதேசப் பாத வழிகாட்டுதல் சொல்கிறது. கருவியை வாங்காமல் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். டிரஸ்ஸிங் விலை கருவிக்குள் சேருமா, தனியா என்றும் கேளுங்கள், அங்கேதான் பில் ஏறும்.

9. ஆறிய பிறகு

சரியான கட்டுத் தொடங்கி மேல்சிரையையும் அடைத்த பிறகு அம்மாவின் புண் 17 வாரத்தில் மூடியது. மூடிய தோல் வெற்றிலை நரம்பு தெரிகிற மாதிரி மெல்லிசாக இருந்தது, தொடவே பயம். சிரைப் புண் திரும்ப வரும் குணம் உள்ளது, அதனால் அழுத்தக் காலுறை இனி தினசரி. அளவு எடுத்து வாங்க வேண்டும், அதுவும் காலையில், வீக்கம் ஏறும் முன். இரண்டு ஜோடி வேண்டும், ஒன்று துவைத்துக் காயும்போது மற்றது. மூன்று முதல் ஆறு மாதத்தில் இழுவை போய்விடும், மாற்றிவிடுங்கள். கிழியவில்லையே என்று வைத்திருக்காதீர்கள்.

போடுவதுதான் கஷ்டம். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை இரண்டையும் மாட்டிக்கொண்டு இழுத்தால் பிடி வழுக்காது, அந்த நர்ஸ் சொன்ன யுக்தி. கட்டிலை விட்டுக் காலைக் கீழே வைக்கும் முன்பே போட வேண்டும் என்பதால் அம்மாவின் தலையணை ஓரத்தில் இப்போது மஞ்சள் கையுறை ஒரு ஜோடி எப்போதும் கிடக்கிறது.